அத்தான் கடை கார்டு

மெமரி கார்டு எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாராவது கேட்டால் முதலில் ஒன்று சொல்வேன்: சொந்தக்காரர் கடையில் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மேலே உள்ள அச்சு பிசிறில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, பெரிதாக ஒன்று வாங்காமல் சிறிதாக நாலு வாங்குவது, வாங்கிய அன்றே கழுத்துவரை நிரப்பி, நிரப்பியதையெல்லாம் ஒன்று விடாமல் திரும்பத் திறந்து பார்ப்பது, இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் விதி நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

சொந்தக்காரர் என்று நான் சொல்வது என் அக்கா புருஷனை. அத்தானுக்குக் கேமரா சாமான் கடை. பை, பேட்டரி, முக்காலி, கார்டு. அந்தக் கடையில் கார்டுக்கு இரண்டு இடம் உண்டு. சுவரில் கொக்கிகளில் வரிசையாகத் தொங்குவது ஒன்று. கல்லாவுக்குக் கீழே பூட்டுப் போட்ட டிராயர் இன்னொன்று. பத்திரிகைக்காரர்களும் பெரிய ஸ்டூடியோக்காரர்களும் வந்தால் அத்தான் சாவியை எடுப்பார். ஏமாந்தால் திரும்பி வந்து சட்டையைப் பிடிக்கிற ஆட்கள் அவர்கள். மற்றவர்களுக்குக் கொக்கி. மச்சினிக்கும் கொக்கிதான். நம்ம ஆள்தானே, எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்பு.

கொக்கி கார்டின் லட்சணம் இது. மேலே போட்டிருக்கும் அளவு ஒன்று, உள்ளே உள்ள இடம் அதில் ஒரு துளி. ஆனால் கேமரா கேட்டால் கூசாமல் பெரிய அளவையே சொல்லும். உள்ளே இடம் தீர்ந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லாது. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருக்கும். எடுத்த படம் கேமராவின் திரையில் ஒரு நொடி நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் முதல் கொஞ்சம் படம் இருக்கும், அதன் பிறகு எல்லாம் சாம்பல் நிறக் கட்டம்.

அப்போது எனக்குச் சொந்தமாக ஸ்டூடியோ இருந்தது. ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு அத்தான் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த கார்டைப் போட்டு எடுத்தேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது வரை இருந்தது. மோதிரம் மாற்றியதிலிருந்து ஒன்றும் இல்லை. டாக்டரின் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்த ஆள் என்று அத்தானைக் கூப்பிட்டோம். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணினியில் போட்டு என்னவோ தட்டினார்.

"கார்டுல ஒரு கோளாறும் இல்லம்மா. இவ கைமறதியா ஃபார்மேட் அடிச்சு எல்லாத்தையும் அழிச்சிட்டா. பொம்பளைங்களுக்கு இந்த மெஷின் விஷயமெல்லாம் கொஞ்சம் அப்படித்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

அந்த வாரமே அதே கொக்கியிலிருந்து இன்னொரு கார்டை எடுத்து வந்து, நிரப்பிப் பார்த்து, எல்லாம் கட்டமாக வந்ததை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "உன் பேரு போனா நாலு நாள்ல மறந்துடுவாங்க. கடை பேரு போனா நாங்க எங்க போறது? விட்டுத் தொலையேன்" என்றாள்.

விட்டுத் தொலைத்தேன். ஸ்டூடியோ போர்டு இறங்கியது. இப்போது ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், நீலத் துணிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றுங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க என்று சொல்லிப் படம் எடுக்கிறேன். என் பெயரையும் யாரும் மறக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். சொந்தத்தில் நான் ஃபார்மேட். பொடிசுகளுக்கு ஃபார்மேட் சித்தி. இதைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அத்தான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இத்தனை பேர் முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும்: கார்டு போலி, அவள் மேல் தப்பில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருஷமும் கறுவிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவள் ஒருத்திதான் என்னை வெறுமனே சித்தி என்று கூப்பிடுவாள். அத்தான் பெரிய ஸ்டூடியோ ஒன்றைப் பேசி முடிக்கப் பார்த்தார். "சித்தி எடுக்கலன்னா எனக்குப் போட்டோவே வேண்டாம்" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அத்தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு வழிக்கு வந்தார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளை ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். லிப்ட் கம்பெனியில் எஞ்சினியர். சூதுவாது தெரியாத பிள்ளை. சட்டைப் பையிலிருந்து நாலு கார்டு பாக்கெட்டை எடுத்து ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தார்.

"உங்களுக்குத்தான் சித்தி. புது கார்டு. மாமா கடையிலயே வாங்கிட்டேன். அவர் இல்ல, பத்திரிகை வைக்கப் போயிருந்தாரு. கவுன்டர்ல இருந்தவர்தான் எடுத்துக் குடுத்தாரு."

"எங்கேயிருந்து எடுத்தாரு?"

"சுவத்துல தொங்குச்சே, அதுலேருந்துதான். ஏன் சித்தி?"

"ஒண்ணுமில்ல தம்பி. நல்ல காரியம் பண்ணீங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவர் போனதும் இரண்டு பாக்கெட்டைப் பிரித்துச் சோதித்தேன். ஒரு பாதி நாள் ஆயிற்று. ஒரு பக்கம் ஆட்களின் காதுகளைப் படம் எடுத்துக்கொண்டே மறு பக்கம் கார்டுகளை நிரப்பினேன். திறந்து பார்த்தால் அதே பழைய சாம்பல் கட்டங்கள். இத்தனை வருஷத்தில் மனுஷன் சரக்கு வாங்கும் இடத்தைக்கூட மாற்றவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று வந்தவர்களைச் சிரிக்கவிட்டே படம் எடுத்துவிட்டேன்; ஆபீசில் அந்தப் படம் செல்லாது என்று சொல்லி நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மற்ற இரண்டு பாக்கெட்டையும் பிரிக்காமல் பைக்குள் வைத்தேன்.

என் கேமராவில் இரண்டு கார்டு போடலாம். எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் போய் உட்காரும். கல்யாணத்தன்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முதல் இடத்தில் நான் பல தடவை சோதித்த என் கார்டைப் போட்டுவிட்டேன். அக்கா மகள் படத்தோடு விளையாடுகிற ஆள் இல்லை நான். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்தில் மேடைக்குக் கீழே, அத்தானும் சம்பந்தியும் மாப்பிள்ளையும் நிற்கும் இடமாகப் பார்த்துப் போனேன். பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி கிழித்தேன்.

"மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது அத்தான். உங்க கடை சரக்குதான்."

"அப்படியா" என்று திரும்பியவர் பாக்கெட்டைப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. சம்பந்தி அவர் தோளில் தட்டி, "வீட்டு மாப்பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும், மாமனார் கடையை விட்டு வேற கடைக்குப் போக மாட்டான்" என்றார். மாப்பிள்ளை வெட்கப்பட்டார். நான் கார்டை இரண்டாவது இடத்தில் போட்டு, மூடியைச் சத்தம் வர மூடினேன். அந்தச் சத்தம் அத்தானுக்கு நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உன் கேமராவுல ரெண்டு கார்டு போடலாம்ல?"

"போடலாம் அத்தான். ரெண்டுலயும் மாப்பிள்ளை குடுத்ததையே போட்டுட்டேன். ஆசையா வாங்கியிருக்காரு, வீணாக்கலாமா?"

"உன்கிட்டப் பழகின பழைய கார்டு இருக்குமே. அதைப் போடேன்."

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. புதுசு பாரு. செட்டாகணும்ல."

"கார்டு என்ன செருப்பா அத்தான், போட்டுப் பழகி செட்டாக?"

அவர் போய்விட்டார். போன வேகத்தில் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். விருந்தினர்கள் வந்து நிறைவதற்குள் டிராயர் கார்டு ஒன்று வந்து சேர்ந்தது. அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மறுபடி வந்தார். வியர்வையில் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"இந்தா, சொன்னா கேளு. இதைப் போட்டுக்கோ."

"கார்டை மாத்தி மாத்திப் போட்டா எனக்கு ஆகாது அத்தான். கைமறதியா ஃபார்மேட் அடிச்சிடுவேன். பொம்பளை பாருங்க, மெஷின் விஷயம்."

அவர் உதடு அசைந்தது. என்னைப் பார்த்தார், அந்தப் பக்கம் நின்ற சம்பந்தியைப் பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்த வரி அவர் நுனி நாக்கில் நின்றது. "ஏன் மாத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்திடறேன். என் காதுல மட்டும் சொன்னாக்கூடப் போதும்" என்றேன். கேலி இல்லாமல்தான் கேட்டேன். மேடையில் அவர் மகள் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் டிராயர் கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் தலைக்கேறியது. அதுவரை, மச்சினிதானே என்று என்னைக் கைகழுவினார் என்று நினைத்திருந்தேன். பெற்ற மகளையும் அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிற ஆள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். இவரை இன்று முழுக்க வேகவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கேமராவை எந்தப் பக்கம் தூக்கினாலும் அத்தானின் கண் அங்கே வந்து நின்றது. நான் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், நாற்காலி மேல் ஏறினால் மேலே. வேண்டுமென்றே ஒவ்வொரு படத்திலும் அவரையும் சேர்த்தே பிடித்தேன். மோதிரம் மாற்றினார்கள். பெரிய பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். அந்த நேரம் அத்தான் கேமராவை மறந்து மகள் பக்கம் திரும்ப ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. நான் கார்டு மூடியை விரல் நகத்தால் திறந்து மூடினேன். டக். அவர் தலை வெடுக்கென்று என் பக்கம் திரும்பியது. எடுத்தேன். அன்று எடுத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் படம் பார்க்க எல்லோரும் கூடினார்கள். சம்பந்தி வீட்டார் சோபாவில், எங்கள் பக்கத்து ஆட்கள் பாயில், வாசல்படிவரை பொடிசுகள். நான் டிவியில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அத்தான் பேச ஆரம்பித்தார்.

"யாரும் ரொம்ப எதிர்பார்த்துடாதீங்க சம்பந்தி. நான் அப்பவே வேண்டாம்னேன், பொண்ணு கேக்கல. இவளுக்குக் கொஞ்சம் கைமறதி ஜாஸ்தி. முன்னாடியும் ஒரு தடவை இப்படி ஆயிடுச்சு."

பாயிலிருந்து யாரோ, "ஃபார்மேட்" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மனுஷன் தயாராக வந்திருக்கிறார். படம் இல்லை என்று தெரிவதற்கு முன்பே பழியை என் தலையில் கட்டிவிட்டார். கொஞ்சநஞ்சம் எனக்கு இருந்த இரக்கமும் அந்த இடத்தில் போயிற்று. என் கார்டிலிருந்து முதல் படத்தைப் போட்டேன்.

வந்தது. அடுத்ததும் வந்தது. மண்டப வாசல், கார், மாப்பிள்ளை இறங்குவது, மேடை, மோதிரம், கையெழுத்து, விருந்து. ஒன்றுகூடப் பழுதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு வெளிச்சம் எனக்கு அதுவரை அமைந்ததே இல்லை. சம்பந்தி அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தான் வாய் திறந்தபடி டிவியைப் பார்த்தார்.

முதலில் கவனித்தவர் மாப்பிள்ளைதான். "என்ன மாமா, எல்லாத்துலயும் கேமராவையே பாத்துட்டிருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு எல்லோருக்கும் அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு படம் வரும்போதும் பொடிசுகள் அத்தானைத் தேடி விரலை நீட்டினார்கள். "மாமனாருக்கு ஹீரோ ஆசை இருந்திருக்கு" என்றார் சம்பந்தி. மோதிரத்தில் அவர் கேமராவைப் பார்த்தார். விருந்தில் பார்த்தார். மகள் காலில் விழும்போது அவள் தலைக்கு மேலே பார்த்தார்.

அக்கா மகள் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "சித்தி, கையெழுத்துப் போட்டதுக்கு மறுபடி போங்க" என்றாள். போனேன். அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் கையெழுத்துப் போடறேன்ப்பா. நீங்க எதைப் பாக்கறீங்க?"

நான் பையிலிருந்து இரண்டாவது கார்டை எடுத்து மாட்டினேன். "இதுவும் அதே கேமராவுல, அதே நேரத்துல எடுத்ததுதான். மாப்பிள்ளை வாங்கினாரே, அந்த கார்டு" என்றேன். மேடை வந்தது. மாப்பிள்ளை ஏறினார். மோதிரம் மாற்றுகிற இடத்தில் சாம்பல் கட்டம். அதற்கு அடுத்ததும் கட்டம். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன்.

"நான்... மாமா கடையிலதானே வாங்கினேன்" என்றார் மாப்பிள்ளை. அந்தப் பிள்ளை தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டது.

"ஆமா தம்பி. டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அங்கதான் வாங்கினேன்" என்றேன்.

அடுப்படி வாசலில் அக்கா டம்ளரோடு நின்றிருந்தாள். அவள்தான் பேசினாள். இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவள் நடுக்கூடத்தில் நின்று பேசினாள்.

"அவ ஃபார்மேட் அடிக்கல. கார்டுதான் போலி. இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

எனக்கு வேண்டிய வரி கிடைத்துவிட்டது. நான் எதிர்பார்த்த வாயிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்ததா என்றால் இருந்தது. காதுவரை சூடாகிற மாதிரி ஒரு சந்தோஷம். பாயில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சம்பந்தி மெல்ல நகர்ந்து அத்தானிடமிருந்து ஒரு ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தார்.

அக்கா மகள் அவள் அப்பாவை விடவில்லை. "அப்போ அன்னைக்கு முழுக்க உங்களுக்குத் தெரியும். என் படம் எதுவும் தங்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டே நின்னீங்க. சித்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அத்தான் அப்போதும் என்னைத்தான் பார்த்தார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கப்பா."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடைக்குத்தான் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

எல்லோரும் கிளம்பிய பிறகு நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் என் மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சித்தி, அப்பா என்னைப் பாக்கற மாதிரி ஒண்ணுகூடவா இல்ல? நல்லாத் தேடிப் பாருங்களேன். ஒண்ணே ஒண்ணு."

தேடினேன். அவள் தோளில் சாய்ந்திருக்க, கல்யாணம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன். கையெழுத்துப் படம் வந்தபோது, அதற்கு ஒரு நொடி முன்னால் இருந்த முகம் எனக்கு மட்டும் தெரிந்தது. கண் கலங்கி, மகள் பக்கம் பாதி திரும்பிய முகம். அதை நான் எடுக்கவில்லை. என் விரல் நகம்தான் அதைக் கலைத்தது. எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் எடுக்காததை அதிலிருந்து எடுக்க முடியாது.

"இல்லடா கண்ணு" என்றேன்.

இன்னொரு தடவை வாய்ப்பு வந்தால் அத்தானை விட்டுவிடுவேனா என்று கேட்டால், மாட்டேன். அதே கொக்கி கார்டைப் போட்டு, அதே மாதிரி வேகவைப்பேன். அந்த ஒரு படத்தை மட்டும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு.